பதினான்கு நாட்களின் கணக்கு

தொற்றுநோய் பரவிய ஊரிலிருந்து வரும் ஒருவரை எத்தனை நாட்கள் ஒதுக்கி வைத்தல் வேண்டும்? 2020ஆம் ஆண்டில் கோவிட் நோய் உலகெங்கும் பரவியபொழுது இக்கேள்வி எழாத நாடில்லை. பதினான்கு நாட்கள் வேண்டும் என்றனர் சிலர். ஏழே போதும் என்றனர் சிலர். சோதனையில் நோயில்லை எனத் தெரிந்தபின் ஒரு நாள்தானும் எதற்கு என வினவினர் வேறு சிலர். அவ்விவாதம் இன்று அடங்கிவிட்டது. ஆயினும் புதியதொரு நோய் தோன்றுங்கால் அது மீண்டும் எழுதல் உறுதி. ஆகவே அதன் உட்பொருளை அங்கத்தினர்கள் அமைதியான காலத்திலேயே தெரிந்துகொள்வது நலம் எனக் கருதுகிறோம்.

எண் வந்த வழி

இவ்வழக்கம் மிகப் பழையது. ஏட்ரியாடிக் கடற்கரையிலுள்ள ரகூசா நகரம், பிளேக் நோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாட்கள் வெளியே தங்கிய பின்னரே நகருக்குள் வரலாம் என 1377ஆம் ஆண்டில் விதித்தது. இன்று துப்ரோவ்னிக் என வழங்குவது அந்நகரமே. பிற்காலத்தில் முப்பது நாற்பதாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே ‘குவாரண்டைன்’ என்னும் பெயர் பிறந்தது. கிருமி என ஒன்று உண்டென்பதே அறியப்படாத காலத்து எண் அது.

இன்றோ ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. கிருமி உடலிற் புகுந்த நாள்முதல் நோய்க்குறி வெளிப்படும் நாள்வரை உள்ள இடைவெளியை அடைகாலம் என்பர். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் காணப்படும் மஞ்சட்காய்ச்சலுக்கு அது ஆறு நாட்களுக்கு உட்பட்டது. தடுப்பூசிச் சான்று இல்லாமல் அந்நாடுகளிலிருந்து வரும் பிரயாணியை நம் நாட்டில் ஆறு நாட்கள் வரை ஒதுக்கி வைப்பதன் காரணம் இதுவே. எபோலா நோய்க்கு 2 முதல் 21 நாட்கள் என்பது கணக்கு.

ஒரே பாத்தியில் ஒரே நாளில் விதைத்த விதைகள் யாவும் ஒரே நாளில் முளைப்பதில்லை என்பதை விவசாயிகளுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. பெரும்பாலானவை சில நாட்களில் தலைகாட்டும். ஓரிரண்டு பின்தங்கி வரும். நோயும் அவ்வாறே. கோவிட் நோயாளிகள் 181 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2020 மார்ச்சில் வெளியான ஆய்வொன்று, பாதிப்பேருக்குச் சுமார் ஐந்து நாட்களுக்குள் குறி தோன்றும் என்றும், குறி தோன்றுவோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழரைப் பேருக்குப் பதினொன்றரை நாட்களுக்குள் தோன்றிவிடும் என்றும் மதிப்பிட்டது. பதினான்கு நாட்களைக் கடந்தும் பதினாயிரம் பேரில் நூற்றொருவருக்குக் குறி தோன்றக்கூடும் என்றும் அவ்வாய்வு கூறிற்று. பதினான்கு என்பது அபாயம் முற்றும் ஒழியும் எல்லையன்று. எஞ்சிய அபாயம் பொறுத்துக்கொள்ளத்தக்க அளவுக்குச் சிறிதாகும் எல்லையே என்பது இதனால் விளங்கும்.

சோதனை தரும் விடை

சோதனை செய்துவிட்டால் இக்கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் சோதனைக்கும் காலம் உண்டு. மண்ணுக்குள் இருக்கும் விதையை மேலிருந்து பார்த்து, விதைக்கவே இல்லை என்று சொல்வது பொருந்துமா? ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையைப் பற்றி 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, தொற்றிய முதல் நாளில் அச்சோதனை நோயை அறியவே இயலாது என்று மதிப்பிட்டது. நான்காம் நாளில் நோயுற்றவருள் நூற்றுக்கு 67 பேரையும், குறி தோன்றும் ஐந்தாம் நாளில் 38 பேரையும், எட்டாம் நாளிலும் 20 பேரையும் அது தவறவிடும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. விமானம் ஏறுமுன் எடுத்த சோதனைச் சீட்டு ஒன்றையே கொண்டு ஒருவரை ஊருக்குள் விடலாகாது என்று மருத்துவர் பலர் வாதிட்டதன் நியாயம் இதுவே.

நிற்க. மறுபக்கத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். கோவிட் நோய், குறி தோன்றுமுன்னரே பிறரைத் தொற்றக்கூடியது. எபோலாவோ குறி தோன்றிய பின்னரே தொற்றுவது. இவ்வேற்றுமையை அச்சம் மறைத்துவிடுவதுண்டு. 2014 அக்டோபரில் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா நோயாளிகளுக்குத் தொண்டு செய்து அமெரிக்கா திரும்பிய செவிலியர் ஒருவர், நோய்க்குறி இன்றியும் சோதனையில் நோயில்லை எனக் கண்டும், நியூ ஜெர்சியில் ஒரு கூடாரத்தில் தடுத்து வைக்கப்பட்டார். பின்னர் மெய்ன் மாநில நீதிமன்றம், அவரை அடைத்து வைக்க ஆணையிட மறுத்து, நாள்தோறும் கண்காணித்தலே போதும் என்றது. ஒரு நோய்க்கு வேண்டிய காவல் மற்றொரு நோய்க்கு வேண்டாததாகலாம். நோயின் இயல்பறியாது விதிக்கும் காவல் தொண்டரையும் தண்டித்துவிடும்.

நாட்கள் குறைந்தது ஏன்?

2020 டிசம்பர் 2ஆம் நாள் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், பதினான்கு நாட்களுக்கு மாற்றாக இரு வழிகளை அறிவித்தது. குறியின்றி இருப்பின் சோதனை இன்றிப் பத்து நாட்கள் போதும். உரிய நாளில் எடுத்த சோதனையில் நோயில்லை எனின் ஏழு நாட்கள் போதும். முன்னதில் பிறருக்குத் தொற்றும் அபாயம் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் பத்து. பின்னதில் ஐந்து, மிஞ்சினால் பன்னிரண்டு எனவும் அம்மையமே மதிப்பிட்டது. அபாயம் கூடும் என்று தெரிந்தும் நாட்களைக் குறைத்தது ஏன்? வேலையும் வருமானமும் இழக்கும் மக்களுக்கு நீண்ட காவல் பெருஞ்சுமை. சுமை குறைந்தால் விதியைக் கைக்கொள்வோர் கூடுவர் என்பதே அவர்கள் கூறிய காரணம். அதே மாதத்தில் ஹாங்காங் பிரயாணிகளுக்கு 21 நாட்கள் ஹோட்டல் காவலை விதித்தது என்பதும் நினைக்கத்தக்கது. விஞ்ஞானம் ஒன்றே, பொறுத்துக்கொள்ளும் அபாயத்தின் அளவுதான் நாட்டுக்கு நாடு வேறுபட்டது.

செலவு யாருடையது?

இங்கேதான் நம்மைப் போன்றோருக்குரிய கேள்வி பிறக்கிறது. மாதச் சம்பளக்காரருக்குப் பதினான்கு நாட்கள் ஓய்வாகலாம். நெசவாளிக்கோ தறியில் ஏற்றிய பாவு நின்றுவிடும், கூலி இல்லை, நூலுக்கு வாங்கிய கடன் மட்டும் நிற்காது. அறுவடைக் காலத்தில் அடைபட்ட விவசாயிக்கு ஒரு போகமே போய்விடும். இத்தகையவர் காய்ச்சலை மறைத்தால் அது குற்றமே; ஆயினும் அக்குற்றத்தில் ஊருக்கும் பங்குண்டு. ஊரின் நலத்துக்காக அடைபட்டிருப்பவரின் நஷ்டத்தை அவர் ஒருவர் தலையிலேயே சுமத்துவது நீதியாகுமா?

இவ்விஷயத்தில் அரசாங்கங்கள் இரு வழிகளிலும் சென்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், 2020 ஜூலை முதல், வெளிநாட்டிலிருந்து வந்த வயது வந்தோரிடம் ஹோட்டல் காவலுக்கு 3,000 டாலர் வசூலித்தது. இங்கிலாந்து, தனித்திருக்கப் பணிக்கப்பட்டு ஊதியம் இழந்த ஏழைத் தொழிலாளருக்கு 2020 செப்டம்பர் முதல் 500 பவுன் வழங்கியது. பின்லாந்துச் சட்டமோ இழந்த ஊதியத்தையே ஈடு செய்கிறது.

நாட்களின் எண்ணிக்கையை மருத்துவர் கூறட்டும். அதனை நாம் மதித்து நடப்போம். அந்நாட்களை ஒருவர் பசியின்றிக் கழிக்க வழி செய்வது கூட்டுறவாளரின் கடமை. இலாபத்தில் சிறுபங்கை இதற்கென ஒதுக்கலாம். அடைபட்டவரின் கடன் தவணையைத் தள்ளி வைக்கலாம். அவர் தறியையும் வயலையும் அயலார் முறைவைத்துக் கவனிக்கலாம். நோய் வந்தபின் கூடிப் பேசுவதைவிட, அடுத்த பொதுக்குழுவிலேயே இதனை எடுத்துப் பேசுதல் சாலச் சிறந்தது. அடைபட்டிருப்பவர் வீட்டில் அடுப்பு எரிந்தால்தான் ஊரின் காவல் உறுதியாக நிற்கும்.