வாயில்லாச் சீவனும் காப்பகக் கட்டணமும்

தோட்டத்து லயங்களில் நாம் வாழ்ந்த காலத்தில், ஊருக்குப் போகும்போது வீட்டு நாயை யாரிடம் விடுவது என்பது ஒரு சிக்கலாக இருந்ததில்லை. தைப்பூசத்திற்குப் பத்துமலைக்குப் புறப்படும் குடும்பம், அடுத்த வீட்டாரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகும். அவர்கள் தங்கள் சோற்றில் ஒரு பிடியை அந்த நாய்க்கும் வைப்பார்கள். திரும்பி வரும்போது கொண்டுவரும் ஒரு பொட்டலம் பொரியே அதற்குக் கைம்மாறு. இன்றோ நம்மிற் பலர் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறிவிட்டோம். அடுத்த வீட்டாரும் அதே விடுமுறையில் தத்தம் ஊருக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். ஆதலின், அன்று அண்டை வீட்டார் அன்பினாற் செய்தது இன்று கட்டணம் பெற்றுச் செய்யும் தொழிலாகியிருக்கிறது. அக்கட்டணத்தை எவ்வாறு எடைபோடுவது, நம்பத்தக்க காப்பகத்தை எவ்வாறு தேர்ந்துகொள்வது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பணம் கொடுப்பவர் ஒருவர், தங்குவது வேறொன்று

நாம் ஒரு தங்கும் விடுதிக்குச் சென்றால், அறை அழுக்காயிருப்பின் உடனே முறையிடுவோம். மாணவர் விடுதியில் விட்ட பிள்ளைகூட வீட்டுக்கு வந்ததும் உள்ளதைச் சொல்லிவிடும். ஆனால் நாயோ பூனையோ அங்கு நடந்ததை நம்மிடம் சொல்வதில்லை. பணம் கொடுக்கும் நாம் அங்கு இருப்பதில்லை. அங்கு இருக்கும் உயிருக்கோ வாயில்லை. இத்தொழிலில் மற்றத் தொழில்களுக்கு இல்லாத இடர் இதுவே. எனவே, பின்னர்க் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று எண்ணாமல், முன்னரே பார்த்துத் தெரிந்துகொள்வது நம் கடமையாகிறது.

கட்டணக் கணக்கு

கட்டணம் நியாயமானதா என்பதை அறியக் கரும்பலகைக் கணக்கு ஒன்றே போதும். மலேசியாவில் 2025ஆம் ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. இதனை 26 நாள்களால் வகுத்தால் ஒரு பணியாளின் நாட்கூலி ஏறத்தாழ 65 வெள்ளி. இரவும் பகலும் ஆள் இருக்க வேண்டுமாயின் மூன்று முறைக்கு மூவர் தேவை. அதற்கு 195 வெள்ளி. காப்பகத்தில் பத்து நாய்கள் இருந்தால், ஒவ்வொன்றின் பங்கிற்கும் கூலி மட்டுமே 19 வெள்ளி 50 காசு ஆகிறது. வாடகை, உணவு, தண்ணீர், மின்சாரம், கிருமிநாசினி ஆகியவை இதற்கு மேல். பெருநாட் காலத்தில் நிரம்பும் காப்பகம் மற்ற நாள்களில் பாதி காலியாகக் கிடக்கும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இந்நிலையில், நாளொன்றுக்கு 15 வெள்ளிக்கு இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒருவர் கூறுவாரானால், ஒன்று அங்கே நாய்கள் மிகுதியாக இருக்க வேண்டும். அல்லது இரவில் ஆள் இல்லாதிருக்க வேண்டும். குடும்பத்தாரே நடத்தும் சிறு காப்பகமாயின் கூலிச் செலவு குறையலாம். அதனையும் கேட்டறிக.

மற்றொரு கணக்கும் உண்டு. ஒரு பணியாள் எட்டு மணி நேரம், அதாவது 480 நிமிடம், உழைக்கிறார். பத்து நாய்களைப் பார்த்தால் ஒன்றுக்கு 48 நிமிடம் கிடைக்கும். முப்பது நாய்களாயின் 16 நிமிடமே. கழுவுவது, உணவிடுவது, நடத்திச் செல்வது, நலம் பார்ப்பது யாவும் அதற்குள் அடங்க வேண்டும். எனவே, “நாளொன்றுக்கு எவ்வளவு?” என்று கேட்பதோடு, “ஓர் ஆளுக்கு எத்தனை விலங்கு?” என்றும் கேட்க வேண்டும்.

கட்டணம் உயர்ந்திருந்தால் காப்பும் உயர்ந்திருக்கும் என்பதும் உறுதியன்று. குளிர்சாதன அறைக்கும் சுவர் ஓவியத்திற்கும் செல்லும் பணம் நாயைப் பார்க்கும் கைகளுக்குச் செல்வதில்லை. மேலும், கட்டணத்தை இரவுக் கணக்கில் எண்ணுகிறார்களா, பகற்கணக்கில் எண்ணுகிறார்களா, பெருநாளுக்குக் கூடுதல் உண்டா, மருந்து கொடுக்கத் தனிக்கட்டணமா என்பவற்றைக் கேட்டு, மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்வது நன்று.

நாய்க்கும் பூனைக்கும் உள்ள வேறுபாடு

பூனை தன் இடத்தோடு ஒட்டி வாழ்வது. இடம் மாறினால் பல பூனைகள் உணவைத் தொடா. சில நாள்கள் தொடர்ந்து உண்ணாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆதலின், நம்பகமானவர் ஒருவர் வீட்டுக்கே வந்து உணவிட்டு, மணற்பெட்டியைத் துப்புரவு செய்து செல்லும் முறையே பல பூனைகளுக்கு ஏற்றது. இதற்கு வருகைக் கணக்கில் கட்டணம் வாங்குவர். நாய்க்கோ நாளுக்கு இருமுறை வந்து போவது போதாது. அதற்கு ஒருவர் வீட்டிலேயே தங்க வேண்டும். அன்றேல் காப்பகமே வழி.

நான் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், தங்கை மகள் திருமணத்திற்காக நாங்கள் சொகூருக்குச் செல்ல நேர்ந்தது. எங்கள் கறுப்பனை ஐந்து இரவுக்கு ஒரு காப்பகத்தில் விட்டோம். மற்ற இடத்தைவிட இரவுக்கு 15 வெள்ளி மலிவு; 75 வெள்ளி மிச்சம் என்று மகிழ்ந்தேன். தரை பளபளப்பாயிருந்தது. தடுப்பூசி அட்டையை அவர்கள் கேட்கவில்லை. தொல்லை விட்டது என்று எண்ணினேன். வீடு திரும்பிய மூன்றாம் நாள் கறுப்பன் இருமத் தொடங்கியது. நாய்களிடையே பரவும் தொற்றிருமல் என்றார் கால்நடை மருத்துவர். மருத்துவச் செலவு முந்நூறு வெள்ளியைத் தாண்டியது. குற்றத்திற் பாதி என்னுடையது. கறுப்பனின் தடுப்பூசிக் காலம் கடந்திருந்தது. அது பிழைத்துக்கொண்டது. ஆனால் இன்றும் வண்டிக் கதவைத் திறந்தால் கட்டிலடியில் ஒளிந்துகொள்கிறது.

என் நாயின் அட்டையைக் கேட்காதவர் பக்கத்துக் கூண்டு நாயின் அட்டையையும் கேட்டிருக்க மாட்டார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. ‘பார்வோ’ என்னும் நச்சுயிரி குட்டிகளைக் கொல்ல வல்லது. தரையில் பல மாதங்கள் அழியாதிருப்பது. அட்டை கேட்கும் காப்பகம் நமக்குத் தொல்லை தருவதன்று. நம் விலங்கைக் காப்பது. தடுப்பூசியின் பயன் உடலிற் பதியச் சில நாள்கள் வேண்டுமாதலின், புறப்படும் முன்னாளில் அதனைப் போடுவதிற் பயன் குறைவு.

நேரிற் பார்க்க வேண்டியவை

விலங்குகள் தங்கும் இடத்தை நேரிற் காட்ட மறுப்பவரிடம் விலங்கை விடாதீர்கள். உள்ளே சென்றதும் மூக்கே முதற் சான்று. காற்றோட்டம் உண்டா, தகரக் கூரையின் வெப்பம் தாக்குகிறதா, குடிநீர் தெளிவாயிருக்கிறதா, நாயும் பூனையும் தனித்தனியே உள்ளனவா, நோயுற்றதை ஒதுக்கி வைக்க இடமுண்டா என்று பாருங்கள். தீபாவளிப் பட்டாசுக்கு அஞ்சி ஓடும் நாய்கள் பல. ஆகவே வாயிலில் இரட்டைக் கதவு இருப்பது நலம். எந்த மருத்துவரிடம் கொண்டு செல்வர் என்பதையும், அவசரத்தில் எவ்வளவு செலவிடலாம் என்பதையும் முன்னரே எழுதி வையுங்கள். வழக்கமான உணவையே கொடுத்தனுப்புங்கள். திடீர் உணவு மாற்றம் வயிற்றுப்போக்கைத் தரும். நீண்ட பயணத்திற்கு முன் ஓர் இரவு மட்டும் விட்டுப் பார்ப்பது எல்லாவற்றினும் சிறந்த தேர்வு.

2015ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த விலங்கு நலச் சட்டம், விலங்குக் கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. விலங்குகளைக் கொண்டு தொழில் நடத்துவோர் உரிமம் பெறுவதைப் பற்றியும் அது பேசுகிறது. உரிமத்தைக் காட்டும்படி கேட்பதில் கூச்சம் வேண்டா. ஆயினும் சட்டம் நடந்த கேட்டிற்குத் தண்டனை தருமேயன்றி, கேடு நேராமற் காப்பது நம் விழிப்பே.

வரும் விடுமுறைக்குப் பயணச்சீட்டு எடுக்கும் நாளிலேயே காப்பகத்தையும் சென்று பாருங்கள். வாயில்லாச் சீவனுக்காக அங்கே கேள்வி கேட்க நம்மையன்றி வேறு யார் உளர்?