ஆறு யூனிட், ஒரே பட்டன்: ஃபயர்வாலை ஓரிடத்திலிருந்து நிர்வகிப்பது வசதியா, ஆபத்தா?

ஒசூரிலிருந்து பாகலூர் வழியாகப் பேரிகைக்குப் போகிற சாலையில் ரோஜா வளரும் பசுமைக்குடில்களும் காய்கறி ஏற்றிய வண்டிகளும் கண்ணில் படும். இடையிடையே தகரக் கூரை போட்ட உதிரிபாகத் தொழிற்கூடங்கள். பேரிகையைத் தாண்டிப் போனால் கர்நாடகாவின் மாலூர் பக்கம். டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று ஒசூரில் பெரிய பெயர்கள் இருந்தாலும், அவற்றுக்குப் பின்னால் நிற்பவர்கள் இப்படிப்பட்ட சப்ளையர்கள்தான். அவர்கள் வளர்கிற விதமும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதல் யூனிட் சிப்காட்டில், அடுத்தது நிலம் தோதாகக் கிடைத்த ஊரில், அதற்கடுத்தது எல்லைக்கு அந்தப் பக்கம்.

யூனிட் கூடக் கூட இன்டர்நெட் லைனும் கூடும். லைனுக்கு ஒன்று என்று ஃபயர்வால் பெட்டியும் கூடும். ஆறு யூனிட் என்றால் ஆறு பெட்டி. ஆனால் ஐ.டி. பிரிவில் ஆள் என்னவோ அதே இரண்டு பேர்தான்.

அந்த இரண்டு பேருக்காக வந்ததுதான் மத்திய ஃபயர்வால் மேலாண்மை. ஒரே திரையில் உட்கார்ந்து ஆறு பெட்டிகளையும் ஆள்வது. ஃபோர்டினெட்டின் ஃபோர்டிமேனேஜர், பாலோ ஆல்ட்டோவின் பனோரமா, சோஃபோஸ் சென்ட்ரல் என்று கம்பெனிக்கு ஒரு பெயர் இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

சப்ளையரை யார் தாக்கப் போகிறார்கள்?

"நம்மகிட்ட என்ன சார் இருக்கு, போல்ட்டும் பிராக்கெட்டும்தான்" என்பது தொழிற்பேட்டைகளில் அடிக்கடி கேட்கிற பதில். ஜப்பானில் நடந்த ஒரு சம்பவம் இந்தப் பதிலைக் காலி செய்துவிட்டது. 2022 பிப்ரவரி கடைசியில் டொயோட்டாவுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்து கொடுக்கும் கோஜிமா நிறுவனம் ரேன்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. மார்ச் 1 அன்று டொயோட்டா ஜப்பானில் உள்ள தன் 14 ஆலைகளின் 28 உற்பத்தி வரிசைகளையும் நிறுத்தியது. தாக்கியவர்கள் டொயோட்டாவின் வாசலைத் தொடவே இல்லை. கோஜிமாவின் வாசலைக்கூட நேரடியாகத் தொடவில்லை. கோஜிமாவின் துணை நிறுவனம் ஒன்று, வெளி நிறுவனத்தோடு பேசுவதற்கு வைத்திருந்த தொலைதூர இணைப்புக் கருவியின் ஓட்டை வழியாகத்தான் நுழைந்தார்கள்.

துணை நிறுவனம், வெளியாளுக்காகத் திறந்த ஒரு கதவு. ஒசூர் வட்டாரத்தில் மெஷின் வாங்கிய எந்த யூனிட்டுக்கும் இந்தக் கதை புதிதல்ல. சி.என்.சி. மெஷின் நின்றுபோனால் விற்ற கம்பெனியின் ஆள் பெங்களூரிலிருந்தோ புனேயிலிருந்தோ கணினி வழியாக உள்ளே வந்து பார்க்க வேண்டும். அதற்காக ஃபயர்வாலில் ஒரு வழி திறக்கப்படும். மெஷின் ஓடத் தொடங்கியதும் எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். திறந்த வழி திறந்தபடியே கிடக்கும்.

ஃபயர்வால் உள்ளே என்ன நடக்கிறது?

கம்பெனி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியிடம் ஒரு பட்டியல் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். யார், எங்கிருந்து வருகிறார், யாரைப் பார்க்க, எந்த வேலைக்கு. வருகிறவரைப் பட்டியலின் மேலிருந்து கீழாக ஒப்பிடுவார். எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அதன்படி உள்ளே விடுவார் அல்லது திருப்பி அனுப்புவார். எதுவுமே பொருந்தாவிட்டால் 'உள்ளே விடாதே'. ஃபயர்வாலின் ரூல்களும் இப்படித்தான் வேலை செய்கின்றன. அதனால் வரிசை முக்கியம். 'யார் வந்தாலும் விடு' என்ற வரியை யாராவது மேலே எழுதிவிட்டால், அதற்குக் கீழே உள்ள நூறு வரிகளும் வெறும் அலங்காரம்தான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஃபயர்வாலின் வேலை வெளியாளைத் தடுப்பதோடு முடியாது. அலுவலகக் கணினிகளையும் ஆலையின் மெஷின்களையும் உள்ளுக்குள்ளேயே பிரித்து வைப்பதும் அதன் வேலைதான். 2017 மே மாதம் வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியபோது, சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டது. விண்டோஸ் கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிரும் 445 என்ற போர்ட் வழியாகத்தான் அது கணினிக்குக் கணினி தாவியது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் 5 சர்வர்கள் முடங்கின. நெட்வொர்க்கை முறையாகப் பிரித்து வைக்காததைத்தான் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் காரணமாகச் சொன்னது. 2019-ல் கூடங்குளம் விவகாரத்தில் கதை வேறு. நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணினியில் மால்வேர் இருந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது; முக்கியமான உள் நெட்வொர்க் தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது.

ஓரிடத்திலிருந்து ஆள்வது எப்படி?

445-ஐத் தடுக்க வேண்டும் என்றால், ஆறு பெட்டியிலும் தனித்தனியாக லாகின் செய்து ஆறு முறை எழுத வேண்டும். ஐந்தில் சரியாக எழுதி, ஆறாவதில் மறந்துவிடுவது மனித இயல்பு. மத்திய கன்சோலில் அதை ஒருமுறை எழுதினால் போதும். எல்லா யூனிட்டுக்கும் பொதுவான ரூல்கள் ஒரு தொகுப்பாக இருக்கும். பேரிகை யூனிட்டுக்கு மட்டும் வேண்டியவை அதன் கணக்கில் தனியாக இருக்கும். 'ஈ.ஆர்.பி. சர்வர்' என்று ஒரு பெயர் வைத்து முகவரியை அதில் கட்டிவிட்டால், நாளை சர்வர் மாறினாலும் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். கன்சோலில் எழுதுவது உடனே அமலுக்கு வராது. சரிபார்த்து, 'புஷ்' கொடுத்த பிறகுதான் பெட்டிகளுக்குப் போகும். கன்சோல் நின்றுபோனாலும் பெட்டிகள் கடைசியாக வாங்கிய ரூல்களோடு வேலை செய்துகொண்டுதான் இருக்கும். முதலாளிகள் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், ராத்திரி ஷிப்ட்டில். பேரிகை யூனிட்டில் ராத்திரி 2 மணிக்கு லேபிள் பிரிண்டர் சர்வரோடு பேச மாட்டேன் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு லோடு கிளம்ப வேண்டும். லேபிள் இல்லாமல் சரக்கை வாடிக்கையாளர் வாங்க மாட்டார். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட இன்ஜினீயர் கன்சோலுக்குப் போகாமல் நேராகப் பேரிகைப் பெட்டிக்குள் லாகின் செய்து, ஒரு ரூலைச் சேர்த்து வேலையை முடித்துவிடுகிறார். லோடு கிளம்பிவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். பத்து நாள் கழித்து வேறொரு வேலைக்காக ஒசூர் அலுவலகத்திலிருந்து எல்லா யூனிட்டுக்கும் புஷ் போகிறது. கன்சோலுக்கு அந்த ராத்திரி ரூல் தெரியாது. தன்னிடம் உள்ளதுதான் சரி என்று அதை அழித்துவிட்டுப் போய்விடுகிறது. மறுபடி லேபிள் வராது. "சார், நேத்து வரைக்கும் ஓடுச்சு" என்று போன் வரும். மாற்றியவருக்கே அதற்குள் மறந்து போயிருக்கும்.

பெட்டியில் நேரடியாகக் கை வைப்பதை அடியோடு தடை செய்யலாம் என்று சொல்வது சுலபம். ராத்திரி 2 மணிக்கு லைன் போய், கன்சோலே எட்டாமல் போனால் என்ன செய்வது? அதனால் நடைமுறையில் ஓடுகிற வழி வேறு. நேரடி லாகினுக்கு ஒரு அவசரக் கணக்கு மட்டும் இருக்கும், பாஸ்வேர்டு மூடிய உறையில். உறையைப் பிரித்தால் மறுநாள் காலை அந்த மாற்றத்தைக் கன்சோலிலும் ஏற்றியாக வேண்டும். புஷ் கொடுப்பதற்கு முன் 'என்ன மாறப் போகிறது' என்று கன்சோல் காட்டும் வித்தியாசப் பட்டியலைப் படிக்காமல் விடக்கூடாது. அதைப் பலரும் படிப்பதில்லை. நாமெல்லாம் ஆப் போடும்போது விதிமுறைகளைப் படிக்கிற லட்சணம் மாதிரிதான்.

தவறான புஷ் போனால்?

ஒரே பட்டனில் ஆறு யூனிட்டைச் சரிசெய்யலாம் என்றால், ஒரே பட்டனில் ஆறையும் நிறுத்தவும் முடியும். இதில் மோசமானது, கன்சோலுக்கும் பெட்டிக்கும் இடையிலான பாதையையே அடைத்துவிடும் ரூல். அனுப்பிய பிறகு திருத்தக்கூட முடியாது. ஆள் வண்டி எடுத்துக்கொண்டு பேரிகைக்குப் போக வேண்டியதுதான். இதற்குப் பாதுகாப்பும் இருக்கிறது. ஜூனிப்பர் கருவிகளில் ஒரு மாற்றத்தைத் தற்காலிகமாக அமல்படுத்தி, 10 நிமிடத்துக்குள் 'சரி' என்று உறுதி செய்யாவிட்டால் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும்படி செய்யலாம். பனோரமாவில், மாற்றத்துக்குப் பிறகு பெட்டியால் கன்சோலைத் தொட முடியாவிட்டால் அதுவாகவே பின்வாங்கும் வசதி உண்டு. அதோடு, ஆறுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் சின்ன யூனிட் ஒன்றில் முதலில் விட்டுப் பார்ப்பது நல்லது.

எப்போது அனுப்புவது என்பதும் கேள்விதான். மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையில் அமைதியான நேரம் என்று ஒன்று கிடையாது. அதனால்தான் பெரிய மாற்றங்களை ஆயுத பூஜை விடுமுறைக்குத் தள்ளுகிறவர்கள் உண்டு. மெஷினுக்கு மாலை போட்டு, சர்வர் ரேக்குக்கும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு, அப்கிரேடைத் தொடங்குவார்கள்.

இந்த அளவு எச்சரிக்கை தேவையா என்று கேட்டால், ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 18 அன்று ஆப்டஸ் தொலைபேசி நிறுவனம் ஒரு ஃபயர்வால் அப்கிரேடு செய்தது. வழக்கமாகச் செய்கிற வேலைதான். ஆனால் அதற்குப் பிறகு பல மணி நேரம், நம்மூர் 112 போல அங்கே உள்ள 000 என்ற அவசர எண்ணுக்கு நூற்றுக்கணக்கான அழைப்புகள் போய்ச் சேரவில்லை. உயிரிழப்புகளும் இதோடு தொடர்புபடுத்தப்பட்டன. மற்ற அழைப்புகளெல்லாம் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்ததால் கோளாறு உடனே கண்ணில் படவில்லை. மாற்றம் முடிந்ததும் 'இன்டர்நெட் வருதா' என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பக்கூடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் தேட வேண்டியதில்லை. நிற்கவே கூடாத வேலை எதுவோ, அதை நடத்திப் பார்க்க வேண்டும். பேரிகை யூனிட்டில் அது ஒரு லேபிளை அச்சிட்டுப் பார்ப்பதாக இருக்கலாம்.

சாவிக்கொத்தே திருடு போனால்?

2024 அக்டோபர் 23 அன்று ஃபோர்டினெட் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. ஃபோர்டிமேனேஜரிலேயே ஓட்டை. அபாய அளவு 10-க்கு 9.8. பெட்டிகளும் கன்சோலும் பேசிக்கொள்ளும் இடத்தில் அடையாளச் சோதனை ஒன்று விடுபட்டிருந்தது. தாக்குபவர் தன் கருவியை 'நானும் உங்கள் ஃபயர்வால்தான்' என்று பதிவு செய்து உள்ளே புகுந்துவிடலாம். விசாரித்த மேண்டியன்ட் நிறுவனம், அந்த ஆண்டு ஜூன் 27-லிருந்தே இது பயன்படுத்தப்பட்டதாகவும், 50-க்கும் மேற்பட்ட ஃபோர்டிமேனேஜர்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றும் சொன்னது. திருடப்பட்டவை ஃபயர்வால்களின் அமைப்பு விவரங்கள், பயனர் பட்டியல், மறைகுறியிட்ட பாஸ்வேர்டுகள். ஒரு வீட்டின் சாவி இல்லை, தெருவின் சாவிக்கொத்து.

அப்படியென்றால் பழையபடி தனித்தனிப் பெட்டிகளே மேலா? அதுவும் இல்லை. 2020 ஏப்ரலில் சோஃபோஸ் ஃபயர்வால்களில் ஓர் ஓட்டையைப் பயன்படுத்தி உலகம் முழுக்கச் சுமார் 81,000 பெட்டிகளுக்குள் ஊடுருவியதாக அமெரிக்க நீதித்துறை பின்னர் குற்றம் சாட்டியது. அந்த நேரத்தில் சோஃபோஸ் சில நாட்களுக்குள் திருத்தத்தைத் தயாரித்து, தானியங்கிப் புதுப்பிப்பை அனுமதித்திருந்த பெட்டிகளுக்கெல்லாம் நேரடியாக அனுப்பியது. தனித்தனியாக லாகின் செய்து போடட்டும் என்று விட்டிருந்தால், கதவு இன்னும் எவ்வளவு காலம் திறந்து கிடந்திருக்குமோ.

ஆக, கன்சோலை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை இணையத்தில் நேரடியாகக் காட்டி வைக்கக்கூடாது. உள் நெட்வொர்க்கில் தனி இடம், வி.பி.என். வழியாக மட்டும் நுழைவு, பாஸ்வேர்டோடு ஓ.டி.பி. போன்ற இரண்டாவது சோதனை. எல்லோரும் 'அட்மின்' என்ற ஒரே கணக்கில் நுழைவதை நிறுத்தி, ஆளுக்கொரு பெயர். எழுதுகிறவர் ஒருவர், புஷ்ஷுக்கு ஒப்புதல் தருகிறவர் இன்னொருவர். இரண்டே பேர் உள்ள பிரிவில்கூட இது முடியும்.

லாக் எதற்கு?

பேரிகை என்றாலே முரசு. ஆபத்தை ஊருக்குச் சொல்வது. ஃபயர்வாலின் முரசு அதன் லாக். தனிப் பெட்டியில் இடம் குறைவு, பழையது சீக்கிரம் அழிந்துவிடும். செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள் தங்கள் லாக்குகளை 180 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட வகைச் சைபர் சம்பவங்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆறு பெட்டிகளின் லாக்கும் ஓரிடத்தில் சேராவிட்டால், 6 மணி நேரம் எது எங்கே என்று தேடுவதிலேயே போய்விடும். கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். பேரிகைப் பெட்டி ஒசூர்ப் பெட்டியைவிட 7 நிமிடம் பின்தங்கியிருந்தால், எது முதலில் நடந்தது என்று சொல்ல முடியாது.

அதே லாக் இன்னொரு வேலைக்கும் உதவும். எந்த ரூல் எத்தனை முறை பயன்பட்டது என்ற கணக்கு கன்சோலில் தெரியும். 'டெம்ப்', 'டெஸ்ட்', 'சார் சொன்னது' என்றெல்லாம் பெயர் வைத்த ரூல்களில் மாதக்கணக்கில் பூஜ்யமாக நிற்பவை நிறைய இருக்கும். அவற்றை உடனே அழிக்காமல், முதலில் செயலிழக்க வைத்து ஒரு மாதம் பார்ப்பார்கள். யாரும் கத்தவில்லை என்றால் நீக்குவார்கள். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும் ஆடிட் வேலைக்கான ரூலும் அதில் இருக்கலாம் என்பதால், மார்ச் மாதத்தில் இந்தச் சுத்தம் வேண்டாம்.

மெஷின் ஆளுக்குத் திறக்கும் வழிக்கு இன்னும் எளிய வழி உண்டு. பெரும்பாலான கருவிகளில் ரூலுக்கு முடிவு நேரம் வைக்கலாம். இன்று மாலை 6 மணிவரை என்று எழுதிவிட்டால், எல்லோரும் டீ குடிக்கப் போனாலும் கதவு தானாக மூடிக்கொள்ளும்.