கன்றின் கொள்கலமும் வேரின் வடிவும்

1950ஆம் ஆண்டில், அப்போது மத்திய உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி வனமகோத்சவத்தைத் தொடங்கிவைத்தார். அதுமுதல் ஆண்டுதோறும் ஜூலைத் திங்களின் முதல் வாரத்தில் நாடெங்கும் மரக்கன்றுகள் நடப்பெற்று வருகின்றன. நட்டவற்றுள் பல பிழைப்பதில்லை; அதற்கு ஆடு மாடுகளின்மீதும் மழையின்மீதும் பழி கூறுவது வழக்கம். ஆனால் முதற்கோடையைத் தாண்டி, இரண்டு ஆள் உயரம் வளர்ந்து, ஐந்தாம் ஆண்டில் ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும் மரங்களும் உள்ளன. அத்தகைய மரத்தின் அடியைத் தோண்டினால் பெரும்பாலும் காணக்கிடைப்பது ஒன்றே. ஆணிவேர் கீழே இறங்காமல், சுமை தூக்குவோர் தலையில் வைக்கும் சும்மாடு போலச் சுருண்டு தடித்திருக்கும். அந்தச் சுருளின் விட்டத்தை அளந்தால், ஐந்தாண்டுகளுக்கு முன் அக்கன்று வளர்ந்த பையின் விட்டம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

கன்றின் வேர், தடையை எதிர்ப்படும்போது நின்றுவிடுவதில்லை. தடையை ஒட்டியே வழி தேடும். வழவழப்பான வட்டச் சுவரை அடைந்த வேர்நுனி, சுவரைத் தழுவிச் சுற்றிச் சுற்றி ஓடும். அடித்தளத்தை எட்டியதும் அங்கேயும் சுற்றும். இளவேராக இருக்கும்வரை இதனால் கன்றுக்குத் தீங்கு ஏதும் புலப்படாது. இலைகள் பசுமையாகவே இருக்கும், உயரமும் கூடும். நட்ட பின்னர் வேர் பருக்கத் தொடங்கும்போதுதான் சுருளின் வளையங்கள் ஒன்றையொன்று நெருக்கும். சில சமயம் தண்டின் அடியையே இறுக்கும். புது மண்ணில் இறங்கிய பின்பும் மரமாகிவிட்ட அச்சுருள் தானாக நிமிர்வதில்லை. ஆகவே, கன்றைக் கையில் வாங்குவோர் இலையைப் பார்த்து மகிழ்வது போதாது.

கொள்கலத்தின் அளவைத் தீர்மானிக்கும் முதற் கேள்வி, மரம் எவ்வளவு பெரிதாகும் என்பதன்று. கன்று அக்கலத்தில் எத்தனை மாதங்கள் இருக்கப்போகிறது என்பதாகும். மூன்று நான்கு மாதங்களில் நடவுக்குச் செல்லும் தைலமரக் கன்றுக்கு 150 கன செ.மீ. கொள்ளும் சிறு குழலே போதுமானது. ஓராண்டு வைத்திருந்து, உயரமான கன்றாகச் சாலையோரம் நடவேண்டிய வேம்புக்கோ புங்கத்துக்கோ அது சிறைக்கூடமாகிவிடும். பெரிய கலம் எப்போதும் நல்லது என்று எண்ணுவதும் பிழையே. சிறு வேர் எட்டாத மண்ணில் ஊற்றும் நீர் நெடுநாள் தேங்கிக் காற்றோட்டத்தைத் தடுக்கும், மண்ணும் எருவும் இடமும் வீணாகும், கூலியும் ஏறும்.

பாலிதீன் பைகளை வாங்கும்போது, தட்டையாக மடித்த நிலையில் உள்ள அகலமும் உயரமுமே கூறப்படுகின்றன. இதனைக் கொள்ளளவாக மாற்றுவது எளிது. பள்ளி மாணவர்க்கு நல்ல கணக்குப் பயிற்சியும் ஆகும். தட்டை அகலத்தின் இருமடங்கு, நிரப்பிய பையின் சுற்றளவு. எனவே அகலத்தின் வர்க்கத்தை 3.14ஆல் வகுத்தால் குறுக்குப் பரப்புக் கிடைக்கும். 10 செ.மீ. அகலமும் 20 செ.மீ. உயரமும் உள்ள பையை 18 செ.மீ. வரை நிரப்பினால் ஏறத்தாழ 570 கன செ.மீ. கொள்ளும். 15க்கு 25 செ.மீ. பையை 22 செ.மீ. வரை நிரப்பினால் ஏறத்தாழ 1,575 கன செ.மீ. ஆகும். அகலம் ஒன்றரை மடங்கே கூடியது. கொள்ளளவோ ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காயிற்று. ஈர மண் கலவை கன செ.மீ.க்கு ஒன்றரைக் கிராம் எனக் கொண்டால், முதற் பை சுமார் 850 கிராம். இரண்டாவது இரண்டேகால் கிலோவுக்கும் மேல். ஆயிரம் கன்றுகளை மலைச்சரிவில் தலைச்சுமையாக ஏற்றவேண்டிய இடத்தில் இவ்வேறுபாடு காகிதக் கணக்கோடு நின்றுவிடாது.

அகலத்தைக் காட்டிலும் ஆழம் முக்கியமானது என்பதற்கு இரு காரணங்கள் உள. ஒன்று, வேரின் இயல்பு. இராஜஸ்தானத்து வறள்நிலங்களில் வளரும் வன்னி, இளமையிலேயே ஆழமாக வேர் விடும். அதற்கு ஒடுங்கிய உயரமான பையே ஏற்றது. பனையைக் கலத்தில் வளர்க்க முயல்வதே வீண் என்னலாம். குருத்து மேலே தலைகாட்டுமுன்பே அதன் முளை ஆழமாக மண்ணுள் இறங்கிவிடுவதால், கொட்டையை நேரே நிலத்தில் ஊன்றுவதே முறை.

மற்றொன்று, நீரின் இயல்பு. இதனை வகுப்பறையில் காட்டுவது மிக எளிது. பாத்திரம் துலக்கும் செவ்வக வடிவ நுரைப்பஞ்சு ஒன்றை நீரில் நன்கு தோய்த்து, உள்ளங்கையில் படுக்கைவாட்டில் தாங்கிப் பிடிக்கவேண்டும். சொட்டுவது நின்றதும், பஞ்சைப் பிழியாமல் நீண்ட விளிம்பின்மேல் நிறுத்தினால் மீண்டும் நீர் சொட்டும். அதுவும் நின்றபின் குறுகிய விளிம்பின்மேல் செங்குத்தாக நிறுத்தினால், இன்னும் சொட்டும். பஞ்சு மாறவில்லை, உயரமே மாறியது. மண் நிரப்பிய கலத்திலும் இவ்வாறே நிகழ்கிறது. வடிந்தது போக, அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் தேங்கியே நிற்கும். இவ்வுயரம் மண்ணின் தன்மையைப் பொறுத்தது. கலத்தின் உயரத்தைப் பொறுத்ததன்று. ஆகவே தாழ்ந்த கலத்தில் மண்ணின் பெரும்பகுதி சேறாகவும், உயர்ந்த கலத்தில் அடிப்பகுதி மட்டும் சேறாகவும் இருக்கும். நுண்ணிய களிமண்ணில் இத்தேக்கம் உயர்ந்தும், மணலும் மக்கிய உரமும் கலந்த கலவையில் தாழ்ந்தும் காணப்படும்.

இதிலிருந்து ஒரு பழைய வழக்கத்தின் பிழையும் விளங்கும். தொட்டியின் அடியில் ஓட்டுச் சில்லுகளையும் கூழாங்கற்களையும் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலரும் நம்புகின்றனர். பாட நூல்களிலும் அவ்வாறே எழுதப்பட்டதுண்டு. நுண்ணிய மண்ணிலுள்ள நீர், அம்மண் நிறைந்து ததும்பும்வரை கீழேயுள்ள பெரிய இடைவெளிகளுக்குள் இறங்காது. எனவே கற்படை, தேக்கத்தை நீக்குவதற்கு மாறாக வேருக்கு அருகில் உயர்த்திவைக்கிறது. துளையின்மேல் மண் சிந்தாமலிருக்க ஒரு சில்லு வைப்பது போதும்.

கலத்தின் வகைகளுள் சுட்ட மண்தொட்டி தொன்மையானது. அதன் சுவர் வழியே நீர் ஆவியாவதால் வேர்ப்பகுதி குளிர்ந்திருக்கும். ஆனால் விரைவில் காயும், உடையும், கனக்கும். பள்ளித் தோட்டத்துக்கு அது நன்று. பல்லாயிரம் கன்றுகளுக்கு ஒவ்வாது. கறுப்புப் பாலிதீன் பை விலை மலிவும் இலேசும் ஆனதால் நாடெங்கும் பரவிற்று. வெயில் நேரே படும் ஓர வரிசைப் பைகளின் கறுப்புச் சுவர் கடுமையாகச் சூடேறி வேர்நுனிகளைக் கருக்கிவிடும். மேற்குப் புறத்தில் ஓலைத் தட்டியோ மண் அணைப்போ தேவை. தரையில் வைத்த பையின் துளை வழியே வேர் நிலத்துக்குள் சென்றுவிடுவதும் உண்டு. மாதத்துக்கு ஒருமுறையேனும் பைகளை இடம் மாற்றி அவ்வேர்களைக் கத்தரித்து வரவேண்டும். செய்யத் தவறினால், நடவு நாளன்று தூக்கும்போது முக்கிய வேரே அறுந்துபோகும்.

1990களில் நம் நாட்டு வனத்துறைகளில் பரவிய 'ரூட் டிரெய்னர்' எனும் வேர்க்குழல், சுருளும் குறையைத் தீர்க்கவே அமைந்தது. அதன் உட்சுவரில் மேலிருந்து கீழாக வரம்புகள் உண்டு. சுற்ற முயலும் வேர் வரம்பில் முட்டிக் கீழ்நோக்கித் திரும்பும். குழல்கள் சட்டத்தில், தரைக்கு மேலே காற்று உலாவுமாறு நிறுத்தப்படுகின்றன. அடித்துளையை எட்டிய வேர்நுனி காற்றில் காய்ந்து நின்றுவிட, பின்புறத்திலிருந்து பக்கவேர்கள் பல கிளைக்கின்றன. நட்டதும் இவை யாவும் மண்ணுள் ஓடும். இதில் வயல் மண்ணை இடலாகாது, இறுகிவிடும். மக்கிய உரமும், உப்புப் போகக் கழுவி மக்கவைத்த தென்னை நார்க்கழிவும் ஏற்றவை. 150 கன செ.மீ. குழற்கட்டி பெரும்பாலும் 150 கிராமைத் தாண்டாது.

இத்தனை நலன்களைக் கேட்டு, எல்லா நாற்றுப்பண்ணைகளும் குழலுக்கு மாறவேண்டும் என முடிவு கட்டுவது அவசரமாகும். சிறு குழல் கோடையில் ஒரே பகலில் காய்ந்துவிடும். நாளைக்கு இருமுறை மும்முறை நீர் தெளிக்க ஆளும் குழாயும் தவறாமல் கிடைக்கும் இடத்துக்கே அது உரியது. தண்ணீர் வண்டியை எதிர்பார்த்திருக்கும் சிற்றூர்ப் பண்ணையில், முறையாகக் கவனிக்கப்படும் பாலிதீன் பையே மேல்.

கலம் எதுவாயினும், பெருந்தீங்கு விளைவிப்பது மிச்சக் கன்றுதான். ஓராண்டு விழாவில் நடப்படாமல் எஞ்சியவை அதே பையிலேயே மறு ஆண்டுவரை நிறுத்தப்படுகின்றன. உயரமாக இருப்பதால் முதலில் அவையே வழங்கப்படுகின்றன. பெறுவோரும் விரும்பியே பெறுகின்றனர். எஞ்சிய கன்றுகளை உரிய காலத்தில் பெரிய பைக்கு மாற்றவேண்டும். அப்போதே சுற்றுவேர்களைக் கத்தரித்துவிடவும் வேண்டும். வேர் தடித்துச் சுருண்டு மரமாகிவிட்டதாயின், அக்கன்றைக் கழித்துவிடுதலே நேர்மை. ஓர் உழவரின் ஐந்தாண்டு உழைப்பையும் நிலத்தையும் அதனோடு இணைப்பது தகாது.

கன்றுகளை ஏற்கும் களப்பணியாளர், ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றைத் தாமே பொறுக்கியெடுத்து, பையைக் கிழித்து, மண்ணைக் கழுவி வேரைப் பார்க்கவேண்டும். பண்ணையார் எடுத்துத் தரும் கன்றைச் சோதிப்பதில் பயனில்லை. நடும்போது பையை முழுவதும் நீக்கி, மண்கட்டியின் அடியில் ஓரிரு செ.மீ. கனத்துக்குக் கத்தியால் சீவிவிட்டு, பக்கங்களில் மேலிருந்து கீழாக இரண்டு கீறல்கள் இடலாம். மெல்லிய சுற்றுவேர்கள் இதனால் அறுபட்டு, வெட்டிய இடத்திலிருந்து புதுவேர்கள் வெளிநோக்கிக் கிளைக்கும். கிழித்த பைகளை எண்ணி ஒரு சாக்கில் சேர்த்துத் திரும்ப எடுத்துவருதல் வேண்டும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையோடு பைகளின் எண்ணிக்கை ஒத்துவரவில்லையெனில், சில கன்றுகள் பையோடு புதைக்கப்பட்டிருக்கலாம். அன்றே திரும்பிச் சென்று குழிகளைப் பார்ப்பது நலம்.