நாலு ஸ்க்ரூ, ஒரு மான்!

அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்தில் நவம்பர் கடைசி வந்துவிட்டால் போதும், ஆபீஸில் பல நாற்காலிகள் காலி! 'தாங்க்ஸ்கிவிங்' பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை ஆரம்பித்து ஒன்பது நாள் துப்பாக்கி மான் வேட்டை. நாம் பொங்கலுக்கு லீவு லெட்டர் எழுதுகிற மாதிரி அவர்கள் மானுக்கு எழுதுகிறார்கள். லைசென்ஸ் வாங்கி, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு கோட்டு மாட்டிக்கொண்டு (பக்கத்துப் புதர் ஆசாமி மான் என்று நினைத்து விடக்கூடாதே!) விடியுமுன்னே காட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

நம்ம ஊரில் இந்தப் பேச்சே கூடாது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான். 'பின்னே எதுக்குய்யா இந்தக் கட்டுரை?' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். விஷயம் மான் இல்லை, ஸ்க்ரூ!

ஒரு விஸ்கான்ஸின் ஆசாமியை வைத்துக்கொள்வோம். நம்மைப் போல ஆபீஸ்காரர். புது ரைஃபிள் வாங்கினார். அதைவிட விலை கூடின டெலஸ்கோப் ஒன்றும் வாங்கினார். வெள்ளிக்கிழமை ராத்திரி டி.வி. பார்த்துக்கொண்டே பத்து நிமிஷத்தில் மாட்டி முடித்தார். மறுநாள் காலை நூறு கஜத்தில் மான்! ஸ்கோப்பின் குறுக்குக் கோடு அதன் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், கச்சிதமாக நெஞ்சின் மேல். விசையை அழுத்தினார். டுமீல்!

குண்டு எட்டு அங்குலம் தள்ளி வயிற்றில் பட்டது. மான் விழவில்லை, ஓடிப்போனது. ரத்தச் சொட்டைத் தேடி சாயங்காலம் வரை அலைந்தார். கிடைக்கவில்லை. எங்கேயோ ஒரு புதரில் அந்த ஜீவன் மணிக்கணக்காகத் துடித்துச் சாகும். நல்ல வேட்டைக்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. குறி தப்பில்லை, கை நடுங்கவில்லை. மாட்டினதுதான் தப்பு.

தலைமுடிக் கணக்கு

ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடித்து வைத்திருப்பவை இரண்டு ரிங். இரண்டுக்கும் நடுவே சுமார் நாலு அங்குலம். அதில் ஒன்று ஒரே ஒரு தலைமுடி கனத்துக்கு நகர்ந்தால் என்ன ஆகும்? நூறு கஜத்தில் இரண்டரை அங்குலம் தள்ளிப் போகும். முந்நூறு கஜத்தில் ஏழரை! ஒவ்வொரு தடவை சுடும்போதும் ரைஃபிள் குதிரை மாதிரி பின்னால் உதைக்கிறது. லூஸான ஸ்க்ரூ அதைத் தாங்குமா?

சரி, எப்படி மாட்டணும்?

முதலில் துப்பாக்கி காலியா என்று பார்க்கணும். காலி என்று தெரிந்திருந்தாலும் பார்க்கணும். போல்ட்டைக் கழற்றி, தோட்டா உட்காரும் இடத்தில் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பது உத்தமம்.

அடுத்து, ரிங் உட்காரும் பேஸ். கம்பெனிக்காரன் தடவிய எண்ணெயை ஸ்க்ரூவிலிருந்தும் ஓட்டையிலிருந்தும் சுத்தமாகத் துடைக்கணும். பேஸ் ஸ்க்ரூவுக்கு மரையில் போடுகிற நீலப் பசை ஒரு சொட்டு போதும். சிவப்புப் பசை வேண்டாம், அப்புறம் கழற்றவே வராது.

எவ்வளவு முறுக்குவது? இங்கேதான் நம் ஆட்கள் எல்லா நாட்டிலும் ஒரே ஜாதி! 'இன்னும் ஒரு திருகு' என்று பல்லைக் கடித்துக்கொண்டு திருகுவார்கள். பொதுவாக ரிங் ஸ்க்ரூவுக்கு 15 முதல் 20 இன்ச்-பவுண்டு போதும். அதாவது நாலு அங்குலக் கைப்பிடியின் நுனியில் இரண்டேகால் கிலோ கத்திரிக்காய் தொங்கினால் எவ்வளவோ, அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் ஸ்கோப்பின் அலுமினியக் குழாய் நசுங்கும். கூட வந்த காகிதத்தில் சரியான அளவு இருக்கும். அளந்து முறுக்க டார்க் ஸ்பேனரும் கிடைக்கிறது. கார் சக்கரத்துக்கு நட் போடுகிற மாதிரி எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கணும்.

கோட்டு போட்டுக்கொண்டு...

கடைசியாக இறுக்குமுன் இரண்டு காரியம் பாக்கி.

ஒன்று, கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரம். மூன்றரை அங்குலம் போல இருக்கணும். குறைந்தால் உதைக்கும்போது ஸ்கோப் வந்து புருவத்தில் அரை நிலா வரைந்துவிட்டுப் போகும். அந்தத் தழும்போடு ஆபீஸுக்கு வருகிறவரை எல்லோரும் விசாரிப்பார்கள்! கண்ணை மூடி, ரைஃபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, கண்ணைத் திறக்கணும். படம் முழு வட்டமாகத் தெரிந்தால் சரி. இதை வேட்டைக்குப் போடுகிற தடிக் கோட்டோடு செய்வதுதான் புத்திசாலித்தனம். பனியனோடு பார்த்துவிட்டுக் கோட்டோடு போனால் கணக்கே மாறிவிடும்.

இரண்டு, குறுக்குக் கோடு சாயக்கூடாது. எதிரே கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். ரைஃபிளை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்துங்கள். ஸ்கோப்பின் செங்குத்துக் கோடும் நூலும் ஒன்றாகணும். அஞ்சு டிகிரி சாய்ந்தால் என்ன என்று கேட்கலாம். தூரத்து இலக்குக்காக நாலு அடி உயர்த்திக் குறி வைக்கும்போது, குண்டு நாலு அங்குலம் பக்கவாட்டில் ஓடும்.

இத்தனையும் செய்தாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. இனி சுட்டுப் பார்க்கணும். முதலில் 25 கஜம், அப்புறம் 100. ஒரு குண்டை நம்பாமல் மூன்று சுட்டு, அவற்றின் நடுவைப் பார்க்கணும். பெரும்பாலான ஸ்கோப்பில் திருகின் ஒரு 'க்ளிக்' நூறு கஜத்தில் கால் அங்குலம். நம்ம ஆசாமியின் எட்டு அங்குலம், 32 க்ளிக்! காகிதத்தில் சுட்டிருந்தால் அஞ்சு நிமிஷ வேலை.

2008 பீஜிங் ஒலிம்பிக்ஸ் ஞாபகம் இருக்கிறதா? அபினவ் பிந்த்ராவின் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் டெலஸ்கோப் கிடையாது, சின்ன ஓட்டை வழியே பார்க்கும் சைட்தான். ஃபைனலுக்கு முன் சுட்ட சோதனைக் குண்டு எங்கோ போனது, சைட் இடம் மாறியிருந்தது என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கிடைத்த சில நிமிஷத்தில் சரி செய்தார். 700.5 புள்ளி, இந்தியாவின் முதல் தனிநபர் தங்கம்!

அவருக்குச் சோதனைக் குண்டு இருந்தது. காட்டில் மானுக்கு எதிரே அது கிடையாது. சோதனையெல்லாம் வீட்டிலிருந்து கிளம்புமுன்னே முடிந்திருக்கணும்.

அதிருக்கட்டும்... இதைப் படிக்கிற உங்கள் ஆபீஸ் நாற்காலி லேசாக ஆடுகிறதே, கடைசியாக எப்போது ஸ்க்ரூவைப் பார்த்தீர்கள்?