மொழி வராத பிள்ளையும் அறிவு வராத பிள்ளையும்



ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும் வேளையில் கோவை, திருப்பூர் பகுதிப் பங்குகளில் ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. "அந்த வடநாட்டுப் பாப்பா நல்லாத் தமிழ் பேசுதுங்க சாமி. கடைக்குப் போய் மீதிச் சில்லறையெல்லாம் சரியா வாங்கிட்டு வருது. ஆனா பரீட்சையில ஒரு வரி எழுத மாட்டேங்குதுங்க. படிப்பு ஏறாதுன்னுதான் தோணுது." மாலை நேரப் படிப்பகங்களைக் கவனித்துக்கொள்ளும் அன்பியப் பொறுப்பாளர்கள் சொல்வது இது. அவர்கள் அன்பற்றவர்கள் அல்லர். கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். பேச்சு வந்துவிட்ட பிறகும் படிப்பு வரவில்லை என்றால் குறை அறிவில்தானே இருக்க வேண்டும் என்பது அவர்களது கணிப்பு.

இக்கணிப்பு சரிதானா? நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கல்வி ஆய்வாளர்கள் இதே கேள்வியைக் கேட்டு விடையும் கண்டிருக்கிறார்கள். அதற்குச் செல்லுமுன், நமக்கு மிக அருகில் நடந்த இரண்டு ஆய்வுகளைப் பார்ப்பது உதவும். ஒன்று நம் கோவையில் நடந்த கரும்பு ஆய்வு. மற்றொன்று உதகை மலையில் நடக்கும் இயற்பியல் ஆய்வு. கரும்புக்கும் இடிமேகத்துக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். பொறுமையோடு படித்தால் உறவு தெரியும். எதைக் கொண்டு அளக்கிறோம் என்ற கேள்வியே மூன்றிலும் முதன்மையானது.

கோவையில் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கரும்பு நம் ஊரில் தாராளமாகப் பூக்கும். வட இந்தியாவில் அது பூப்பதே அரிது. பூத்தாலும் குளிரில் விதை பிடிப்பதில்லை. பூ இல்லாமல் ஒட்டினம் ஏது? ஆகவேதான் வடக்கின் கரும்புக்கும் தெற்கே வந்து வழி தேட வேண்டியிருந்தது. அக்காலத்தில் பஞ்சாபிலும் பீகாரிலும் விளைந்தது மெலிந்த கரும்பு. தெற்கின் பருத்த கரும்பில் சாறு அதிகம் என்றாலும் வடக்கின் குளிரை அது தாங்காது. சி. ஏ. பார்பர் என்ற ஆங்கிலேய அறிஞரும் அவருக்குப் பின் பொறுப்பேற்ற டி. எஸ். வெங்கட்ராமனும் இதற்குக் கண்ட தீர்வு பலருக்கு வியப்பைத் தந்திருக்கும். 'வெள்ளை' என்ற நல்ல கரும்போடு, ஆற்றோரம் தானாக வளரும் நாணல் வகைக் காட்டுக்கரும்பைச் சேர்த்தார்கள். சாறு ஏதுமற்ற வெறும் புல் அது. ஆலைக்காரர் கண்ணுக்கு அடுப்பெரிக்கத்தான் உதவும். அச்சேர்க்கையில் பிறந்த 'கோ 205' என்ற இரகம் 1918-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டு பஞ்சாபில் பரவியது. பெயரிலுள்ள 'கோ' நம் கோயம்புத்தூரைக் குறிக்கும். பின்னர் வந்த கோ இரகங்கள் பீகாரிலும் ஐக்கிய மாகாணத்திலும் பரவின. 1932-இல் உள்நாட்டுச் சர்க்கரைக்கு இறக்குமதி வரியின் பாதுகாப்புக் கிடைத்தபோது அங்கே ஆலைகள் மளமளவென்று பெருகின. அந்த ஆலைகளுக்குச் சென்ற கரும்பில் பெரும்பகுதி நம் ஊர்ப் பிள்ளை என்றே சொல்லலாம்.

இனிப்பு என்ற ஒரே அளவுகோலை வைத்திருந்தால் அந்தக் காட்டுப் புல் தேர்விலேயே கழிக்கப்பட்டிருக்கும். குளிரையும் நோயையும் வறட்சியையும் தாங்கும் ஆற்றல் அதற்குள் இருந்தது. அது நாக்குக்குத் தெரியாது. சேர்த்து வளர்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது. மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள். இன்று பயிராகும் கரும்பில் 100-க்கும் மேல். அந்தச் சிக்கலை 1934 முதல் 1939 வரை கோவையில் ஆராய்ந்தவர் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கரும்பையும் மக்காச்சோளத்தையுமே இணைத்துக் காட்டியவர். பின்னர் இங்கிலாந்து சென்று, 1945-இல் டார்லிங்டனோடு இணைந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணையை வெளியிட்டார். அந்நிய மண்ணில் படித்த, உழைத்த அந்தப் பெண்மணியின் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கேள்வி. மரபியலின் தந்தை எனப்படும் அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல், 1850-இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறவில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

இனி மலை ஏறுவோம். உதகையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் வளிமண்டலத்தில் மோதும்போது மியுவான் என்ற நுண்துகள்கள் பிறந்து மழைபோல் பூமிக்கு வருகின்றன. அவற்றை எண்ணுவதற்கு 3712 குழாய் உணர்கருவிகள் அங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன. இடிமேகத்துக்குள் எவ்வளவு மின்னழுத்தம் இருக்கிறது என்று அறிய அதுவரை பலூனும் விமானமும்தான் அனுப்பி வந்தார்கள். பலூன் தான் செல்லும் பாதையை மட்டுமே அளக்கும். முழு மேகத்தையும் அது அறியாது. அவ்வாறு கிடைத்த மிக உயர்ந்த அளவு ஏறத்தாழ 13 கோடி வோல்ட். உதகை ஆய்வாளர்களோ மேகத்துக்குள் எதையும் அனுப்பவில்லை. மேகம் முழுவதையும் கடந்து கீழே வரும் மியுவான்களின் எண்ணிக்கை எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். 2014 டிசம்பர் 1 அன்று வந்த ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்ததாகக் கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். பழைய அளவைப் போல் பத்து மடங்கு! மேகங்கள் திடீரென்று வலிமை பெற்றுவிடவில்லை. பழைய கருவிக்கு எட்டியது அவ்வளவுதான்.

இப்போது நம் படிப்பகத்துப் பாப்பாவிடம் திரும்புவோம். தமிழில் அச்சிட்ட வினாத்தாள் அவளுக்கு அந்தப் பலூன் போன்றது.

அயர்லாந்தில் பிறந்து கனடாவில் குடியேறிய ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர், ஒருவர் மொழியை இரண்டு விதமாகக் கற்கிறார் என்று 1979-இல் எடுத்துரைத்தார். ஒன்று பேச்சுமொழி. விளையாடவும் கடைக்குப் போகவும் சண்டையிடவும் உதவும் மொழி அது. எதிரில் இருப்பவரின் முகமும் கையசைவும் சூழ்நிலையும் பாதிப் பொருளைச் சொல்லிவிடும். மற்றது பாடமொழி. 'ஒளிச்சேர்க்கை', 'பின்னம்', 'பின்வருவனவற்றுள் பொருந்தாததைத் தேர்ந்தெடுக்க' என்பதெல்லாம் இவ்வகை. இங்கே கைகொடுக்க முகம் ஏதும் இல்லை. சொல் மட்டுமே உண்டு. டொரண்டோ நகரப் பள்ளிகளில் குடியேறிய மாணவர்களைப் பற்றிய தரவுகளை அவர் ஆராய்ந்தபோது, பேச்சுமொழி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடுகிறது. பாடமொழியில் சக மாணவர்களை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன என்று தெரிந்தது. இடையே உள்ள அந்த மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில்தான் ஆபத்து. 1984-இல் வெளியான மற்றோர் ஆய்வில், குடியேறிய குடும்பங்களின் 400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் உளவியல் சோதனை அறிக்கைகளை அவர் படித்தார். பிள்ளை ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறது, ஆகவே மொழி தடையல்ல. மதிப்பெண் குறைவு, ஆகவே அறிவுதான் குறைவு என்று உளவியலாளர்களே முடிவு கட்டியிருந்தார்கள். நம் அன்பியப் பொறுப்பாளர் சொன்ன அதே வாக்கியம்!

இக்கருத்தை விமர்சித்த அறிஞர்களும் உண்டு. பேச்சுக்கும் பாடத்துக்கும் இடையே அவ்வளவு தெளிவான கோடு கிடையாது, வறுமையையும் பள்ளியின் தரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அது நியாயமே. நம் ஊருக்கு மற்றொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டொரண்டோப் பிள்ளை ஒரே ஊரில் தங்கிவிட்ட பிள்ளை. இங்கே பனியன் கம்பெனியில் வேலை குறைந்தால் குடும்பம் ஈரோட்டுக்குப் போகிறது, அங்கிருந்து ஓசூருக்கு. சத் பூஜைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பும்போது பருவத் தேர்வு முடிந்திருக்கும். ஐந்து ஆண்டுகள் ஒரே மொழியில் தொடர்ந்து படிக்கும் வாய்ப்பே பலருக்கு அமைவதில்லை. 2023 மார்ச் மாதம் தமிழகத்தில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவியபோது, அச்சத்தில் மூட்டை கட்டியவர்களோடு பள்ளிப் பைகளும் இரயில் ஏறின.

வேறொரு தவறும் இங்கே வழக்கத்தில் இருக்கிறது. வடக்கேயிருந்து வருவோர் எல்லாரையும் 'ஹிந்திக்காரர்' என்று ஊர் அழைக்கிறது. பவுண்டரியில் உழைக்கும் ஒடிசாக் குடும்பத்தின் மொழி ஒடியா. கந்தமால் மலையிலிருந்து வருவோரின் வீட்டுமொழி குயியாக இருக்கலாம். ஜார்கண்ட் பழங்குடி மக்கள் சந்தாலி, முண்டாரி, குருக் பேசுகிறார்கள். அவர்களில் பலர் நம் ஞாயிறு திருப்பலியில் பின்வரிசையில் அமைதியாக நிற்கும் கத்தோலிக்கர். அவர்களது பிள்ளைக்கு ஹிந்தியே இரண்டாம் மொழி, தமிழ் மூன்றாவது. இது ஏன் முக்கியம்? தாய்மொழியில் ஒரு கருத்தை நன்கு கற்ற பிள்ளை அதை மறுபடியும் கற்க வேண்டியதில்லை என்பது கம்மின்ஸின் அடுத்த கருத்து. பின்னம் என்றால் என்ன என்று ஒடியாவில் புரிந்துகொண்ட பிள்ளைக்குத் தமிழில் தேவைப்படுவது ஒரு புதிய சொல் மட்டுமே. ஆகவே, 'வீட்டிலும் தமிழே பேசுங்கள்' என்று நல்லெண்ணத்தோடு பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரை நன்மை தராது. அவர்கள் தங்கள் மொழியில் கதை சொல்லட்டும், ஊர்க் கணக்குப் பேசட்டும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018-ஆம் ஆண்டின் குடிபெயர்ந்தோர் நாளுக்கு விடுத்த செய்தியில் வரவேற்றல், பாதுகாத்தல், மேம்படுத்துதல், ஒருங்கிணைத்தல் என்ற நான்கு செயல்களை முன்வைத்தார். நம் பங்குகளில் முதல் இரண்டும் ஓரளவு நடக்கின்றன. கிறிஸ்மஸ் துணியும் மருத்துவ முகாமும் உண்டு. மூன்றாவதற்குப் பள்ளி வாசலைத் தாண்ட வேண்டும்.

சட்டம் அதற்குத் துணை நிற்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும்; பின்தங்கிய பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி பெற அதற்கு உரிமை உண்டு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம், வயதுச் சான்று இல்லை என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்க முடியாது. பத்து வயதுப் பிள்ளையை மொழி தெரியவில்லை என்பதற்காக ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார வைப்பதையும் இச்சட்டம் ஏற்பதில்லை. கணபதியிலோ கருமத்தம்பட்டியிலோ லைன் வீடுகளுக்குச் செல்லும் நம் இளைஞர் குழுவினர் இந்த மூன்று விவரங்களையும் தெரிந்து வைத்திருந்தால் போதும், பல தாய்மார்கள் பள்ளி அலுவலக வாசலிலிருந்து வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள்.

படிப்பகத்தில் செய்யக்கூடிய சிறு சோதனை ஒன்றும் உண்டு. அந்தப் பிள்ளைக்குச் சொற்களே இல்லாமல், எண்களால் மட்டும் ஒரு கணக்கை எழுதிக் கொடுங்கள். பிறகு அதே கணக்கைத் தமிழ் வாக்கியமாகக் கொடுங்கள். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதில் நின்றால், நின்றது எங்கே என்று தெரிந்துவிடும். அடுத்த முறை அம்மா அழைத்துப் போக வரும்போது, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள், பிள்ளை அதில் எந்த வகுப்பு வரை படித்தது என்று கேளுங்கள். வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் 'ஹிந்தி' என்று எழுதிவிடாமல், அவர் சொன்ன மொழியின் பெயரையே எழுதி வையுங்கள்.