கல்யாணம் பண்ணிக்கிட்டது குற்றமா?

ராத்திரி இரண்டு மணிக்கு ஜுரம் பார்த்து, டிரிப்ஸ் மாற்றி, "பயப்படாதீங்க, காலைல சரியாயிடும்" என்று தைரியம் சொல்கிற நர்ஸிடம், "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று விசாரித்துவிட்டா ஊசி போட்டுக்கொள்கிறீர்கள்? இல்லையே! ஆனால், நம் ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்ஸின் வேலையே அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் மாட்டிக்கொண்டவர்தான் செலினா ஜான்.

டெல்லி ராணுவ ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்தவர். 1985-ல் ராணுவ நர்ஸிங் சர்வீஸில் லெப்டினென்ட். செகந்திராபாத் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை. ராணுவத்தில் மேஜராக இருந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவ்வளவுதான்... 1988 ஆகஸ்டில் வேலை போய்விட்டது! முன்கூட்டி ஒரு நோட்டீஸ் கிடையாது. 'உன் தரப்பைச் சொல்லம்மா' என்று ஒரு வார்த்தை கிடையாது.

காரணம், 1977-ல் போட்ட ஒரு ராணுவ விதி. கல்யாணமானால் நர்ஸிங் அதிகாரியை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றது அது. பெண் நர்ஸுகளுக்கு மட்டும்தான் இந்த விதி. அதே கல்யாணத்தில் மாப்பிள்ளையாக நின்ற மேஜருக்கு இல்லை. வேடிக்கையா இல்லை?

இத்தனைக்கும் ராணுவ நர்ஸிங்குக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. 1888-ல் பம்பாயில் வந்து இறங்கிய 10 ஆங்கிலேய நர்ஸுகளோடு தொடங்கியது அது. இந்தியாவின் முதல் பெண் மேஜர் ஜெனரல் யார் தெரியுமா? ஒரு நர்ஸ்தான்! 1976-ல் அந்தப் பதவிக்கு உயர்ந்த கெர்ட்ரூட் அலிஸ் ராம். அதற்கு அடுத்த வருஷமே இப்படி ஒரு விதி!

36 வருஷப் போராட்டம்

செலினா சும்மா இருக்கவில்லை. கோர்ட் படி ஏறினார். 1995-ல் அந்த விதியையே அரசு வாபஸ் வாங்கியது. ஆனால், அவருக்கு வேலை திரும்பவில்லை. 2016-ல் லக்னோவில் உள்ள ராணுவத் தீர்ப்பாயம், 'நீக்கியது செல்லாது, மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்' என்றது. மத்திய அரசு அப்பீல் போனது.

கடைசியில் 2024 பிப்ரவரி 14 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. ஆமாம், காதலர் தினத்தன்றுதான்! கல்யாணத்தைக் காரணம் காட்டிப் பெண்ணை வேலையிலிருந்து அனுப்புவது அப்பட்டமான பாகுபாடு என்றது. 8 வாரத்துக்குள் 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றும் உத்தரவிட்டது.

பணம் கிடைக்கும், சரி. ஆனால், அவர் அந்த சர்வீஸில் தொடர்ந்திருந்தால் பார்த்திருக்கக்கூடிய வார்டுகள், ஆற்றியிருக்கக்கூடிய காயங்கள், ஏறியிருக்கக்கூடிய பதவிகள்? அதை எந்தக் கோர்ட்டாலும் திருப்பித் தரமுடியாதே!

உங்க வீட்டுப் பெண்ணுக்கு...

காஞ்சிபுரம் பக்கம் முசரவாக்கம் மாதிரி கிராமத்தில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கும் நர்ஸ் ஆகும் கனவு இருக்கலாம். ராணுவ நர்ஸாகவும் ஆசைப்படலாம். படிக்க வைக்கும்போதே இதையும் சொல்லிக்கொடுங்கள்:

• வேலை உத்தரவு, சம்பளச் சீட்டு, நீக்கல் கடிதம் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்துப் பத்திரமாக வைக்கணும்.

• 'வேலைக்கு வரவேண்டாம்' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், எழுத்தில் கேட்கணும். தாமதிக்காமல் வக்கீலைப் பார்க்கணும்.

• 10 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு உண்டு. அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டப்படி தப்பு.

இன்னொன்று, மாப்பிள்ளை வீட்டாருக்கு. "கல்யாணத்துக்கு அப்புறம் எதுக்கும்மா நைட் டியூட்டி?" என்று கேட்பதற்கு முன், ஒரு நிமிஷம் யோசியுங்கள். 1977-ல் ராணுவம் போட்ட அந்த விதியை 1995-லேயே தூக்கிப் போட்டாச்சு. நம் வீட்டில் மட்டும் அது எதற்கு?