விக்கெட் எடுக்காதவர் வளர்த்த வீரர்கள்

மாலை வேளையில் நொச்சிக்குப்பம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். வலைகளுக்கும் படகுகளுக்கும் நடுவே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். வேகமாகப் பந்து வீச வேண்டும் என்பதே பலருக்கும் ஆசை. அதே ஆசையோடு இதே சென்னையில் பிறந்து, தமிழ்நாட்டு அணியில் ஆடி முன்னேறியவர் டி. ஏ. சேகர்.

1983-ல் பாகிஸ்தானுக்கு எதிராக இரண்டு டெஸ்ட் பந்தயங்களில் வீசினார். ஒரு விக்கெட் கூடக் கிட்டவில்லை. டெஸ்ட் வாழ்வு அத்துடன் முடிந்தது. வேறொருவராயின் மனம் ஒடிந்திருப்பார்.

1987-ல் சென்னையில் எம்.ஆர்.எப். வேகப்பந்துப் பயிற்சி நிலையம் தோன்றியது. 355 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்த ஆஸ்திரேலியர் டென்னிஸ் லில்லி அதன் ஆசான். அவர் அவ்வப்போது வந்து போவார். அன்றாடப் பயிற்சியைப் பல்லாண்டுகள் தாங்கியவர் சேகர். ஓடிவரும் தாளம், காலை ஊன்றும் விதம், முதுகு நோகாமல் கையைச் சுழற்றும் பாங்கு எல்லாம் அங்கே பாடம்.

பம்பாயில் ஆடிக்கொண்டிருந்த ஜாகீர் கானை அடையாளம் கண்டு சென்னைக்கு அழைத்து வந்தவரும் அவரே. அந்தப் பிள்ளை பின்னாளில் எடுத்த டெஸ்ட் விக்கெட்டுகள் 311!

நொச்சிக்குப்பத்துப் பையன்களே, கணக்கில் பூஜ்யம் விழுந்தாலும் கற்ற வித்தை வீண்போகாது.